எண்ணத் தொலையாத பெருமை

எண்ணிக்கையில் எங்கள் பக்கத்தாரை மிஞ்ச ஆள் கிடையாது. மங்கலம்பேட்டையிலிருந்து பஸ் ஏறி விருத்தாசலம் போய்ப் பழமலைநாதர் கோயிலுக்குள் நுழைந்து பாருங்கள். கோபுரம் ஐந்து, பிராகாரம் ஐந்து, கொடிமரம் ஐந்து, தீர்த்தம் ஐந்து, தேர் ஐந்து, நந்தி ஐந்து. சாமிக்குப் பெயரும் ஐந்து. யார் வேண்டுமானாலும் போய் எண்ணலாம், எப்போது எண்ணினாலும் அதே தொகைதான் வரும். ஆனால் அது பழங்காலத்துக் கணக்கு. எண்ணிப் பார்த்தால்தான் தொகை தெரியும் என்பது எவ்வளவு பெரிய தொல்லை! அந்தத் தொல்லையிலிருந்து நம்மை மீட்ட ஒரு கல்லூரி நூலகத்தைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள். தமிழ்நாட்டில் எந்த ஊர் பஸ்ஸில் ஏறினாலும் ஜன்னலோரம் ஒரு கல்லூரி வளைவு தெரியும். ஒன்றின் பெயரை மட்டும் சொன்னால் மற்றவை கோபித்துக்கொள்ளும். இந்தப் பெருமையில் எல்லாவற்றுக்கும் பங்குண்டு. ஆகவே பல இடங்களில் கண்டதையும் கேட்டதையும் சேர்த்து, ஒரே கல்லூரியாக வைத்துக்கொள்கிறேன்.

நூலக வாசலில் ஒரு மேசை. மேசை மேல் கேட் ரிஜிஸ்டர். பெயர், வகுப்பு, வந்த நேரம், போன நேரம், கையெழுத்து. கல்லூரிகளுக்குத் தரம் போடுவதற்காக 1994-இல் தொடங்கப்பட்டது தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்றுக் குழு. பெங்களூருவில் இருக்கும் இந்த அமைப்பை நாம் செல்லமாக நாக் என்கிறோம். அதன் நான்காவது அளவுகோலில் நூலகம் வருகிறது. புத்தகத்துக்கும் இதழுக்கும் ஆண்டுக்கு எவ்வளவு செலவழிக்கிறீர்கள், ஆசிரியரும் மாணவருமாக நாளொன்றுக்கு எத்தனை விழுக்காட்டினர் நூலகத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்று அது கேட்டது. கேட்ட கேள்வி நியாயமானதுதான். கேட்டவர்களே எதிர்பார்க்காத பதிலை உண்டாக்கியதில்தான் எங்கள் கல்லூரியின் மேதைமை இருக்கிறது.

முதலில் குடிதண்ணீர் இயந்திரத்தை வராந்தாவிலிருந்து தூக்கி நூலகத்துக்குள் வைத்தார்கள். தண்ணீர் குடிக்க வருகிறவர் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் குடிக்க வேண்டும். பங்குனி, சித்திரை மாதங்களில் மாணவர்களின் அறிவுத் தாகம் எப்படிச் செங்குத்தாக ஏறுகிறது என்று வருகை வரைபடத்தில் பார்த்தால் மெய்சிலிர்க்கும். அடுத்து, எந்த வகுப்புக்கு ஆசிரியர் வரவில்லையோ அந்த வகுப்பு முழுவதும் நூலகத்துக்கு என்று ஒரு சுற்றறிக்கை. அறுபது பேரும் வரிசையில் வந்து கையெழுத்திட்டு, அதே வரிசையில் வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார்கள். ஆசிரியர் பற்றாக்குறை என்று மற்றவர்கள் அழுதுகொண்டிருக்க, அதையே நூலக வளர்ச்சியாக மாற்றிக் காட்டிய நிர்வாகத்தை எப்படிப் பாராட்டாமல் இருப்பது?

பிறகு கணினி வந்தது. ஐ.டி. கார்டின் பார்கோடைக் காட்டினால் போதும், வருகை பதிவாகிவிடும். இதில்தான் எங்கள் கல்லூரி தெய்வீக நிலையை எட்டியது. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போன ஒரு பையனின் கார்டு மேசை டிராயரிலேயே தங்கிவிட்டது. சும்மா கிடக்கிறதே என்று தினமும் காலையில் யாரோ அதை ஒருமுறை காட்டி வந்தார்கள். பையன் அங்கே பனியன் மடிக்கிறான்; இங்கே நூலகத்தில் விடாமல் படிக்கிறான். சுந்தரர் எங்கள் மணிமுத்தாற்றில் 12,000 பொன்னைப் போட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்பது பெரியபுராணக் கதை. பொன்னை இங்கிருந்து அங்கே வரவழைப்பது ஒரு அற்புதம் என்றால், ஆளை அங்கேயே விட்டுவிட்டு வருகையை மட்டும் இங்கே வரவழைப்பது இன்னும் பெரிய அற்புதம் இல்லையா? அதுவும் சுந்தரர் சந்தேகப் பேர்வழி. ஆற்றில் போடுமுன் மச்சம் வெட்டி வைத்துக்கொண்டு, குளத்தில் எடுத்ததோடு ஒப்பிட்டு, மாற்றுக் குறைந்திருக்கிறதே என்று கேட்டவர். எங்கள் கல்லூரிக்கு அந்த அவநம்பிக்கை கிடையாது. போட்டதையும் பார்க்காது, எடுத்ததையும் உரசாது. ஆகஸ்ட் 12, தேசிய நூலகர் தினத்தன்று ‘சிறந்த வாசகர்’ விருதைக் கணினியே தேர்ந்தெடுத்தது. திருப்பூர்ப் பையன் பெயரைத்தான் அறிவித்தார்கள். விருதை வாங்கிக்கொள்ள அவனுக்கு லீவு கிடைக்கவில்லை.

மின்னிதழ்க் கணக்கிலும் இதே தாராளம். வெளிநாட்டில் கவுண்டர் என்று ஓர் அமைப்பு 2002 முதல் இருக்கிறது. மின்னிதழை எத்தனை முறை திறந்தார்கள் என்று எண்ணுவதற்கு விதி வகுப்பது அதன் வேலை. மகா கருமிகள்! அவசரத்தில் ஒருவர் ஒரே கட்டுரையை 30 விநாடிக்குள் இரண்டு முறை தட்டினால் அதை ஒன்றாகத்தான் எண்ண வேண்டுமாம். எங்கள் நூலகத்தில் டீ குடிக்க வெளியே போய்த் திரும்பி வருகிறவர் இரண்டு வாசகர். வடை வாங்க மறந்து மறுபடி போனால் மூன்று.

குஜராத்தின் காந்திநகரிலுள்ள இன்ஃப்ளிப்நெட் மையம், என்-லிஸ்ட் என்ற திட்டத்தில் கல்லூரிகளுக்கு மின்னூல்களையும் மின்னிதழ்களையும் 2010 முதல் கொடுத்து வருகிறது. 2024 நவம்பர் 25-ஆம் தேதி மத்திய அமைச்சரவை ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கும் ஒப்புதல் கொடுத்தது. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள். இவ்வளவு பெரிய கடலை எங்கள் கல்லூரி ஒரே பிற்பகலில் குடித்து முடித்துவிட்டது. அன்று கணினிக் கூடத்தில் ‘விழிப்புணர்வு முகாம்’ நடந்தது. எல்லோரும் ஒருமுறை உள்ளே போனார்கள், திரையைப் படம் பிடித்தார்கள், வெளியே வந்தார்கள், கடவுச்சொல்லை மறந்தார்கள். அந்த ஆண்டறிக்கையில் மின்வளப் பயன்பாட்டுக்குத் தனி அத்தியாயம், வண்ணப் படங்களோடு.

இந்தக் கலை தெரியாமல் வாழ்நாளெல்லாம் அவதிப்பட்ட ஒரு மனிதரை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். கணக்கில் எம்.ஏ., சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு ஆசிரியர். சென்னைப் பல்கலைக்கழகம் நூலகர் பதவி ஒன்றை உண்டாக்கியபோது ஏறத்தாழ 900 பேர் விண்ணப்பித்தார்கள். நூலகப் பயிற்சி ஒருவருக்கும் கிடையாது. 1924 ஜனவரியில் ரங்கநாதன் பொறுப்பேற்றார். சில நாளிலேயே திரும்பிப் போய், யாரும் வராத இடத்தில் தனியாக உட்கார முடியவில்லை, பழையபடி வகுப்புக்கே அனுப்பிவிடுங்கள் என்று கேட்டார். யாரும் வரவில்லையே என்று வருந்தத் தெரிந்ததே தவிர, வந்ததாக எழுதிக்கொள்ளத் தோன்றவில்லை பாருங்கள். கணக்கில் எம்.ஏ. படித்து என்ன பிரயோஜனம்?

பல்கலைக்கழகம் அவரை லண்டனுக்கு அனுப்பியது. அங்கே நூலகங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு 1925-இல் திரும்பியவர் செய்த காரியங்கள் எல்லாமே பிழை. பூட்டிக் கிடந்த அடுக்குகளுக்கு நடுவே வாசகரை நடமாட விட்டார். நூலகம் திறந்திருக்கும் நேரத்தை நீட்டினார். வருகிறவர்களையும் போகிற புத்தகங்களையும் உண்மையிலேயே எண்ணினார். 1928-இல், எங்கள் ஊருக்குக் கூப்பிடு தூரத்துச் சிதம்பரத்தில், நூலகத்துக்கு ஐந்து விதிகள் என்று முதன்முதலில் பேசினார். 1931-இல் அதுவே புத்தகமாக வந்தது. நூல்கள் பயன்படுத்துவதற்காக, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர், வாசகரின் நேரத்தைக் காப்பாற்று, நூலகம் வளரும் உயிர். பழமலைநாதர் மாதிரி எல்லாம் ஐந்தாக இருக்கிறதே என்று நான் கூட முதலில் மகிழ்ந்தேன். படித்துப் பார்த்தால் ஐந்தில் ஒன்றுகூட ஆய்வுக் குழுவைப் பற்றிப் பேசவில்லை.

1948-இல் இங்கிலாந்தின் லீமிங்டன் ஸ்பாவில் நடந்த ஆஸ்லிப் மாநாட்டில் இன்னொரு யோசனை சொன்னார்: நூலகத்தை நடத்துவதற்குப் புள்ளியியல் முறைகளைப் பயன்படுத்த வேண்டும், அதற்கென ஒரு துறையே வேண்டும். லைப்ராமெட்ரி என்று அதற்குப் பெயரும் வைத்தார். 1962-இல் பெங்களூரில் அவர் தொடங்கிய ஆவண ஆய்வுப் பயிற்சி மையம்கூட, மகலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் கீழ்தான் அமைந்தது. இவ்வளவு பெரிய புள்ளியியல் வீட்டுக்குள் குடியிருந்தும், எண்களை வேலை வாங்க அவருக்குத் தெரியவில்லை. எண்கள் சொன்னதை அவரல்லவா கேட்டு நடந்தார்!

அவருடைய ஆள் கணக்குச் சூத்திரத்தைப் பாருங்கள், புரியும். உசாத்துணைப் பிரிவில், அதாவது வாசகருக்குத் தேடிக் கொடுத்து உதவும் இடத்தில், எத்தனை பேர் வேண்டும்? நாளொன்றுக்கு வரும் வாசகரை 50-ஆல் வகுத்துக்கொள், ஆண்டின் வேலை நாளை 250-ஆல் வகுத்துக்கொள், இரண்டையும் பெருக்கு என்கிறார். எங்கள் கல்லூரி நாளொன்றுக்கு 600 வாசகர் என்று காட்டுவதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 250 வேலை நாள். ரங்கநாதன் அதை அப்படியே நம்பித் தொலைத்தால், உசாத்துணைக்கு மட்டும் 12 பேரைப் போடு என்பார். புத்தகம் கொடுத்து வாங்க, பட்டியலிட, பராமரிக்க ஆட்கள் தனி.

எங்கள் நூலகத்தில் நிலவரம் வேறு. நூலகர் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடம் காலி. தாவரவியல் ஆசிரியர் ஒருவருக்குக் ‘கூடுதல் பொறுப்பு’. கூட ஓர் உதவியாளர். தேர்வு வந்தால் அவரும் தேர்வுப் பிரிவுக்குப் போய்விடுவார். பன்னிரண்டு பேர் செய்ய வேண்டியதை அரை ஆளும் அரை ஆளுமாகச் செய்கிறார்கள் என்றால், உலகத்திலேயே திறமையான நூலகம் இதுதான். அப்படி இல்லை, 600 பேர் வரவே இல்லை என்று நீங்கள் சொல்லக்கூடும். இரண்டில் எது உண்மை என்று நிர்வாகத்தைக் கேட்கும் அளவுக்கு நான் நன்றி கெட்டவன் அல்ல.

மேலாண்மை முடிவுகளுக்குப் புள்ளிவிவரம் எப்படிக் கைகொடுக்கிறது என்பதற்கு நூலகக் குழுவின் கூட்டக் குறிப்பேடே சான்று. மாலை ஐந்து மணிக்கு மேல் வருகை பூஜ்யம் என்று ரிஜிஸ்டர் ஐயத்துக்கு இடமில்லாமல் காட்டியது. ஆகவே நாலரைக்கு மூடுவதே சரி என்று ஒரு மனதாகத் தீர்மானித்தார்கள். நூலகம் இப்போதும் நாலரைக்குத்தானே மூடப்படுகிறது என்று ஒரு விரிவுரையாளர் இழுத்தார். அதனால்தான் கணக்கு இவ்வளவு கச்சிதமாக ஒத்துப்போகிறது என்று தலைவர் விளக்கினார். அடுத்தது ஆங்கில நாளிதழ். மாணவர் யாரும் அதைத் தொடுவதில்லை. நாளிதழ் முதல்வர் அறையில் இருக்கிறது. ஆகவே மாணவர்களுக்கு அது வேண்டாம் என்று முடிவாயிற்று. முதல்வர் அறைக்கு மட்டும் தொடர்கிறது. ‘கேட்ட புத்தகம் கிடைத்ததா?’ என்று ரிஜிஸ்டரில் ஒரு கட்டம் சேர்க்கலாமே என்று யாரோ சொன்ன யோசனையும் பரிசீலிக்கப்பட்டது. கையெழுத்துக் கட்டத்தை அகலமாக்கியிருப்பதால் தாளில் இடமில்லை.

புத்தகம் வாங்குவது மார்ச் மாதத்தில். நிதியாண்டு முடிவதற்குள் பணம் தீர வேண்டும். தீராவிட்டால் அடுத்த ஆண்டு குறைத்துவிடுவார்கள். எதை வாங்குவது என்று ஆசிரியர்களையும் மாணவர்களையும் தொந்தரவு செய்வதில்லை. எந்த வியாபாரி எத்தனை விழுக்காடு கழிவு தருகிறார் என்பதே போதுமான தரவு. ஒரே கைடில் இருபது படி வாங்கினால் தொகுதிக் கணக்கு ஏறும், சாயங்காலத்துக்குள் லாரியும் வந்துவிடும். பிறகு அக்சஷன் ரிஜிஸ்டரின் கடைசிப் பக்கத்தைப் படம் பிடித்து இணையத்தில் ஏற்றுவார்கள். அழகான கையெழுத்துள்ள ஒருவரை இதற்கென்றே தேடிப் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்காரர்களுக்கு இந்த நாசூக்குப் போதவில்லை. ஆலன் கென்ட் என்பவர் தலைமையில் அங்கே ஓர் ஆய்வு நடந்து 1979-இல் வெளிவந்தது. 1969-இல் வாங்கிய 36,892 நூல்களை வரிசையாகப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். முதல் ஆறு ஆண்டில் 39.8 விழுக்காடு நூல்கள் ஒருமுறைகூட இரவல் போகவில்லை. இதைப் போய் ஊரறிய அச்சிட்டார்கள்! அவர்களுடைய பேராசிரியர்களே கணக்கெடுத்த முறை சரியில்லை என்று சண்டைக்கு வந்தார்கள். நூலகத்துக்குள்ளேயே உட்கார்ந்து படித்ததை எண்ணினீர்களா, இதழ்களை எப்படி எண்ணினீர்கள் என்று கேள்வி மேல் கேள்வி. ஒரு புள்ளிவிவரத்தை வைத்துக்கொண்டு ஒரு பல்கலைக்கழகமே வாதாடுவது என்ன அநாகரிகம்! எங்கள் கல்லூரியில் ஆண்டறிக்கை வரும்போது ஒரு பேராசிரியரும் வாய் திறப்பதில்லை. படித்தால்தானே திறக்க.

இரவல் போகாத நூல் எங்களிடம் எத்தனை என்று கேட்டால் கணக்குச் சொல்ல முடியாது. ஆனால் தொலைந்து போன நூல் எத்தனை என்று உடனே சொல்லலாம். பூஜ்யம். மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள், ஓராண்டில் இரவல் போன, எடுத்துப் பார்க்கப்பட்ட ஆயிரம் நூலுக்கு ஐந்து நூல் தொலைவது இயல்புதான் என்று ஒப்புக்கொள்கின்றன. கவனக்குறைவும் கையாடலும் காரணமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். புழங்கினால் தேயும், தொலையும் என்று அரசாங்கத்துக்கே தெரிந்திருக்கிறது. எங்கள் கல்லூரிக்கு அந்தச் சலுகை தேவைப்படவில்லை. தொலைந்தால் உன் பொறுப்பு என்று உதவியாளரிடம் எழுதி வாங்கிய அன்றே எல்லாக் கண்ணாடி பீரோவுக்கும் பூட்டு வந்துவிட்டது. அதன் பிறகு நடக்கும் உசாத்துணைச் சேவை இப்படி:

“சார், அந்த வரலாறு பீரோவக் கொஞ்சம் தொறக்கறீங்களா?”

“என்ன புக்கு வேணும்?”

“பாத்தாதான சார் தெரியும்.”

“தெரிஞ்சிக்கிட்டு வாப்பா. ஒவ்வொருத்தருக்கும் தொறந்து தொறந்து காட்ட இது என்ன நகைக் கடையா?”

“இல்ல சார், அசைன்மென்ட்டு...”

“ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டுட்டியா?”

“போட்டேன் சார்.”

“அப்பறம் என்ன?”

வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்ற ரங்கநாதனின் நான்காம் விதிக்கு இதைவிட நல்ல உதாரணம் எங்கே கிடைக்கும்? ஒரு நிமிஷத்துக்குள் வாசகர் வெளியே போய்விட்டார்.

அந்தக் கண்ணாடி பீரோக்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் புறநானூறு நினைவுக்கு வரும். அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் போன ஔவை, அவனுடைய ஆயுதச் சாலையைப் பார்த்து என்னமாய்ப் புகழ்ந்தாள்! பீலி சூட்டி, மாலை சாற்றி, நெய் பூசி, காவலுள்ள மாளிகையில் பளபளவென்று இருக்கின்றன உன் வேல்கள். அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றாள். தமிழாசிரியர்கள் இதற்கு வேறு பொருள் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஔவை நிஜமாகவே தொண்டைமானைத்தான் மெச்சியிருக்க வேண்டும். முறிந்த ஆயுதத்தோடு நிற்பவனுக்கு நாக் கமிட்டி என்ன கிரேடு கொடுக்கும்? மூலை மடங்கி, அட்டை பிய்ந்து, பைண்டிங்குக்குப் போன புத்தகத்தைக் காட்டினால் மதிப்பெண் விழுமா? எங்கள் நூலகத்தில் பைண்டிங் செலவு பல ஆண்டுகளாக இல்லை. தொண்டைமான் வந்து பார்த்தால் கண்ணீர் விடுவான்.

விருத்தாசலம் பீங்கான் தொழிலாளர்களிடம்தான் இந்த நளினத்தை எதிர்பார்க்க முடியாது. சூளையைப் பிரித்ததும் முதல் வேலையாக உடைந்ததையும் விரிசல் விட்டதையும் தனியே எடுத்து எண்ணுவார்கள். எந்த அடுக்கில் அதிகம் உடைந்தது, மண் சரியில்லையா, சூடு கூடிவிட்டதா என்று அதை வைத்தே பேசுவார்கள். அடுத்த சூளையை அதற்கேற்ப மாற்றி அடுக்குவார்கள். நல்லபடி வெந்ததை எண்ணி ஆண்டறிக்கை போடாமல், கெட்டதை எண்ணிக்கொண்டு காலத்தை வீணாக்குகிறார்கள். அதனால்தான் அவர்கள் இன்னும் சூளையடியில் நிற்கிறார்கள், நம்மவர்கள் ஏ.சி. அறையில் கூட்டம் போடுகிறார்கள்.

இப்படி உண்டான எண்களை யாராவது சரிபார்க்க மாட்டார்களா என்று உங்களுக்குத் தோன்றும். பார்ப்பார்கள். கல்லூரி அனுப்பிய தரவுகளைச் சரிபார்ப்பதற்கு நாக் தனி ஏற்பாடே வைத்திருக்கிறது. அதன் பிறகு ஆய்வுக் குழுவும் பார்க்கும். சுந்தரர் எடுத்த பொன்னை உரைத்துப் பார்த்துச் சொல்லத் திருவாரூரில் மாற்றுரைத்த பிள்ளையார் என்று ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். உரைத்துச் சொல்ல அவர் யாரிடமும் பொன் கேட்டதாகக் கதை இல்லை. 2025 பிப்ரவரியில், உயர்ந்த கிரேடு கொடுக்க லஞ்சம் வாங்கியதாகக் குற்றம்சாட்டி, ஆய்வுக்குப் போன நாக் குழு ஒன்றின் தலைவரையும் உறுப்பினர்களையும் சிபிஐ கைது செய்தது. செய்தியைக் கேட்டதும் எனக்கு வருத்தமாகிவிட்டது. எண்களைத் தாராளமாகக் கையாளத் தெரிந்த கல்லூரிகள் இத்தனை இருக்கும்போது, யாரோ போய் ரூபாயைக் கையாண்டிருக்கிறார்கள். எங்கள் கல்லூரிக்கு அந்த அவப்பெயர் வராது. ஒரு பைசா செலவில்லாமல், ஒரு பார்கோடிலேயே காரியத்தை முடிக்கும் சிக்கனம் அதனுடையது.

வாசகர் திருப்திக்கும் புள்ளிவிவரம் உண்டு. நூலக வாசலில் ஒரு புகார்ப் பெட்டி தொங்குகிறது. ஆண்டுக்கு ஒருமுறை குழுத் தலைவர் முன்னிலையில் திறப்பார்கள். இதுவரை வந்த புகார் ஒன்றுமில்லை என்று அறிக்கையில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். பெட்டியின் துவாரத்தை வெள்ளையடித்தவர் சுண்ணாம்பால் அடைத்துவிட்டார் என்று சிலர் சொல்வது பொறாமை. நான் விசாரித்த வரையில் காரணம் வேறு.

விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில் இருக்கிறது. இந்தப் பக்கத்து ஜனங்களுக்குக் கோர்ட், கலெக்டர் ஆபீஸ் எல்லாவற்றுக்கும் மேலான இடம் அது. மனுஷர்களிடம் சொல்லித் தீராத குறையை வெள்ளைத் தாளில் எழுதிக் கொளஞ்சியப்பரான முருகனிடம் பிராது கட்டுவார்கள். யார், எந்த ஊர், என்ன குறை என்று விவரமாக எழுத வேண்டும். குறை தீர்ந்தால் திரும்பி வந்து பிராதை வாபஸ் வாங்கிக்கொள்ள வேண்டும். எத்தனை வந்தது, எத்தனை தீர்ந்தது என்று சாமியிடமே கணக்குக் கேட்கலாம்; அந்த அளவுக்குச் சாமி பத்தாம்பசலி. பருவத் தேர்வு நெருங்கும்போது அங்கே நிற்கும் கூட்டத்தில் எங்கள் கல்லூரிப் பிள்ளைகளும் உண்டு. பீரோ சாவி கிடைக்கவில்லை, கேட்ட புத்தகம் இல்லை, கடைசி பஸ்ஸுக்கு முன்னால் நூலகம் மூடிவிடுகிறது என்று ஒரு பெண் எழுதியிருந்ததை எட்டிப் பார்த்தவர்கள் என்னிடம் சொன்னார்கள். அவள் இன்னும் வாபஸ் வாங்க வரவில்லை.

நிர்வாகத்துக்கு இதில் ஒரு யோசனை சொல்ல ஆசைப்படுகிறேன். மணவாளநல்லூரில் பிராது கட்டப் போன பிள்ளைகளையும் அன்றைய நூலக வருகையில் சேர்த்துக்கொள்ளலாம். இப்படி ஒரு நூலகம் இல்லாவிட்டால் அவர்கள் அங்கே போயிருக்கவே மாட்டார்கள் அல்லவா?